உடைசல் ரோட்டுக்கு ஒரு ட்யூப்

எங்கள் ஊர்ப் பேரிலேயே மலை இருக்கிறது, அசலம் என்றால் மலைதானே, ஊரில்தான் மலை கிடையாது. அதனால் நான் மவுண்டன் பைக்கில் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு கிடைத்தது. "ஏம்மா, எந்த மலைக்குக் கிளம்பிட்டே?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "உங்க வூட்டுப் பக்கம்தான், வழிய வுடுங்க" என்பேன். சைக்கிள் என் மகனுடையது. அவன் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனதும் கொட்டகையில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற எதையும் எனக்குப் பிடிக்காது, மனிதர்கள் உட்பட.

நான் வேலை செய்வது ஒரு செராமிக் பட்டறையில். பீங்கான் ஃபியூஸும் கரண்ட் கம்பத்து இன்சுலேட்டரும் செய்கிறோம். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்து, ஆறிய சூளையிலிருந்து வெயில் ஏறுவதற்குள் சரக்கை எடுத்துவிட வேண்டும். அந்தக் கேட்டின் சாவி என்னிடம் இருந்தது. எங்கள் வரிசைப் பட்டறைகளில் ஒரு பெண்ணிடம் சாவி கொடுத்தது அதுதான் முதல் முறை. பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் கரைசலில் சரக்கை முக்குகிற தொட்டிப் பக்கத்தில் பல வருஷம் நின்று வாங்கிய சாவி. எனக்கு அதில் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்தச் சாவிக்கு உலை வைத்தது பஞ்சர்.

எங்கள் கிராமத்திலிருந்து ஏரிக்கரை வழியாக வந்தால் சீமைக்கருவேல முள். அதைத் தாண்டிப் பட்டறைத் தெருவுக்குள் நுழைந்தால் உடைசல். சூளையில் வெடித்ததையும் கோணிப்போனதையும்தான் உடைசல் என்போம். தெருவில் குழி விழுந்தால் யாருக்கும் மனு எழுத மாட்டோம், ஒரு கூடை உடைசலைக் கொட்டி மிதித்துவிடுவோம். லாரி ஏற ஏற அது நொறுங்கி, பிளேடு மாதிரி மேலே வந்து நிற்கும். நாங்களே சுட்டு, நாங்களே கொட்டி, எங்கள் டயரை நாங்களே கிழித்துக்கொள்கிறோம். இதைச் சொன்னால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அடுத்த குழிக்கு மறுபடியும் உடைசல்தான்.

இரண்டு முறை தாமதமானேன். இரண்டு முறையும் வேலைக்கு வந்த பெண்கள் டிபன் பையோடு ரோட்டில் நின்றார்கள். இரண்டாவது முறை முதலாளியும் வந்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவிய வேற ஆளுகிட்ட கொடுத்துடுவேம்மா. தப்பா நினைக்காதீங்க" என்றார். நான் தப்பாகத்தான் நினைத்தேன்.

பஸ்ஸில் வரலாமே என்பீர்கள். எங்கள் பக்கம் முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். என் வீட்டுக்காரருக்கு வேறொரு பட்டறையில், கல் அரைக்கிற மில்லில் நைட் ஷிப்ட். அவர் பைக் அவரோடு போய்விடும். ஆக, எனக்கு சைக்கிள்தான் கதி.

அன்றைக்கே டயரைக் கழற்றிப் பார்த்தேன். டயரின் பக்கத்தில் 26, 2.10 என்று அச்சடித்திருந்தது. உள்ளே கிடந்த ட்யூப் 1.75. அகல டயருக்குள் ஒல்லி ட்யூப்பைப் போட்டுக் காற்றடித்தால், பரோட்டாவுக்கு வீசின மாவு மாதிரி இழுபட்டு மெலிந்துவிடும். பிறகு முள் எதற்கு, முறைத்துப் பார்த்தாலே ஓட்டை விழும். கடைவீதியில் சரியான அளவு வாங்கினேன். "பவுடர் தூவி மாட்டுங்க, டயரோட ஒட்டாது" என்றார் கடைக்காரர்.

"பவுடர்தானே?" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் ஒரு பொட்டலம் வந்தது. அவர் மில்லில் அரைத்த வெள்ளைக்கல் மாவு. "தொட்டுப் பாரு, மூஞ்சிக்கே போடலாம்" என்று பெருமையாகத் தூவி அவரே மாட்டினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் காற்று இறங்கியது. வெளியே எடுத்தால் ட்யூப் முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. எவ்வளவு நைசாக அரைத்தாலும் கல் கல்தானே! உலகத்தில் எந்த ஊர்ப் புருஷனும் ட்யூப்புக்குக் கல் மாவு பூச மாட்டான். விழுந்து விழுந்து சிரித்தேன். "அரைப்புல ஒரு குறையும் இல்ல" என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

அன்று மதியமே மங்கலம்பேட்டைக்குப் போனேன். துபாயிலிருந்து திரும்பி வந்த ஒருத்தர் அங்கே கியர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இருக்கிற ட்யூப்பையெல்லாம் எடுத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொன்றையும் இரண்டு விரலில் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். கிளேஸ் எவ்வளவு கனமாகப் பிடித்திருக்கிறது என்று தினமும் பார்க்கிற விரல் இது. ஒரு ட்யூப் மட்டும் ரோட்டைத் தொடுகிற பக்கம் தடியாகவும், உள்பக்கம் மெலிதாகவும் இருந்தது. வால்வும் மோட்டார் பைக் வால்வு மாதிரி தடி மூக்கு, பெட்ரோல் பங்க்கிலேயே காற்றடிக்கலாம்.

"அது முள்ளு தாங்குற ட்யூப்பு, அக்கா. ஆனா வெயிட்டு ஜாஸ்தி, மிதிக்கக் கஷ்டமா இருக்கும். பசங்க யாரும் வாங்க மாட்டாங்க, தூசி படிஞ்சு கெடக்குது."

"நான் என்ன ரேஸுக்கா போறேன்? ரெண்டு சக்கரத்துக்கும் குடுங்க" என்றேன். வரும் வழியில் குழந்தைக்குப் போடுகிற பவுடர் ஒரு டப்பா. இந்த முறை மாட்டியது நான். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

மிதிக்கக் கனம்தான். ஏரிக்கரை மேட்டில் மூச்சு வாங்கியது. ஆனால் நாள்கள் போய்க்கொண்டே இருந்தன, காற்று இறங்கவில்லை. அப்புறம் ஒரு நாள் விடியற்காலை நல்ல மழை. சரக்கு ஏற்ற லாரி வேறு வருகிற நாள். முள்ளும் உடைசலும் தண்ணீருக்குள் மறைந்துவிட, ஒதுங்கிப் போக வழியில்லை. எல்லாவற்றின் மேலும் ஏற்றிக்கொண்டே வந்தேன். பட்டறை தெரிந்தது. கேட்டுக்கு வெளியே முதலாளி குடையோடு நின்றார். பக்கத்தில் அச்சு ஊற்றுகிற பிரிவின் மேஸ்திரி. ஆறு மணி இன்னும் ஆகவில்லை.

இறங்கினேன். முன்டயரில் ஒரு முள் நகம் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதைக் குனிந்து பார்த்தார். பிடுங்கினேன். காற்று இறங்குகிற சத்தமே இல்லை. டயர் கல் மாதிரி நின்றது. எனக்கு வந்த கர்வத்துக்கு அந்த மழையே எனக்காகப் பெய்த மாதிரி இருந்தது. பூட்டைத் திறந்தேன்.

 முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். புதுசு, வெட்டின பளபளப்பு இன்னும் போகவில்லை. "இதுவும் உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்று நீட்டினார். மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. எப்படியும் நான் மறுபடி தாமதமாவேன் என்று முடிவு கட்டி, மேஸ்திரிக்கென்று முன்னாடியே சாவி வெட்டி வைத்தாகிவிட்டது; இந்த மழையில் அதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.  வாங்கித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன், நன்றி சொல்லவில்லை.

"நனையாதீங்க, உள்ள வாங்க" என்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.