சப்பரம் நுழையாத கல்பாலம்

உச்சி வெயிலிலும் அந்தக் கல் வெறுங்காலுக்கு ஜில்லென்று இருக்கும்...

பர்மாவில், தன்லியின் ஊரில் எங்கள் தெருவுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன்மேல் பழைய கல்பாலம். மட்டக்குதிரைகள் இரண்டு பக்கமும் மூட்டை தொங்க நடப்பதற்குக் கட்டியதாம். மூட்டை இடிக்காதபடி பக்கச்சுவர் முழங்கால் உயரம்தான். அகலமும் ஒரு குதிரைக்குத்தான். அதனால் பாரம் சுமப்பவருக்கே முதல் வழி. வெறுங்கையோடு வருபவர் வந்த வழியே பின்னால் போய்க் கரையில் நிற்கவேண்டும். பர்மாக்காரர், தமிழர், எல்லோருக்கும் அதே சட்டம்.

டைஃபாய்டிலிருந்து நான் பிழைத்த வருஷம், திருவிழாவில் அம்மன் எங்கள் வாசலுக்கு வரும்போது தன் கையால் மாவிளக்கு வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட காலோடு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள்.

மேளம் கேட்டது... பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். புதுச் சப்பரம்! கமிட்டிக்காரர்கள் கோயில் வாசலை அளந்து செய்திருக்கிறார்கள். பாலத்தை அளக்கவில்லை. அட கடவுளே!

"திருப்புங்கப்பா... அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார் தலைவர்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்கம்மா காத்துக்கிட்டு இருக்காங்க மாமா!"

பாலத்தின் நடுவில், எங்கள் பக்கமிருந்து கீரைக்கூடையோடு வந்த பர்மாக்காரம்மா டோ மியா நின்றார். தலையில் பாரம், வழி அவருக்குத்தான். என்னைப் பார்த்தார். வந்த வழியே பின்வாங்கி எங்கள் கரையில் கூடையை இறக்கிவிட்டு, தெரிந்த தமிழில் கத்தினார்.

"தூக்கிட்டு வாங்க! சாமி பெரிய பாரம். நான் நிக்கிறேன்!"

பூசாரி அம்மனை இறக்கி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் வாசலில் அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நடந்தே வந்துட்டியா தாயி..." அம்மா விளக்கை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

இப்போது பக்கத்திலேயே அகலமான கான்க்ரீட் பாலம். அம்மன் லாரியில் வருகிறாள், சீரியல் லைட், ஜெனரேட்டரோடு. இந்த வருஷம், ரங்கூனில் நான் இருக்கும் தின்கன்ஜூனிலிருந்து நானும் போயிருந்தேன். லாரி ஒரு நிமிஷம் நின்றது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, கிளம்பிவிட்டது.

"முகமே தெரியலடி" என்றாள் அம்மா. "அன்னைக்கு எவ்வளவு கிட்டத்துல பார்த்தேன்!"

மனசு கேட்கவில்லை. சாயங்காலம் கையைப் பிடித்துக் கல்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். எதிரே ஒருவர் அரிசி மூட்டையோடு வந்தார். நான் சொல்வதற்குள், அம்மா அந்த வலிக்கிற காலை மெதுவாக எடுத்து வைத்து, பின்னால் போய் நின்றாள்.