மகளின் கழுத்தில் இருந்த கறுப்பு

என் ஒன்பது வயது மகள் கொஞ்சம் குண்டு. அவள் கழுத்தைச் சுற்றிக் கறுத்திருந்ததை அழுக்கு என்று நினைத்து, தினமும் பயத்தமாவு போட்டுப் பீர்க்கன் நாரால் தேய்த்தேன்.

"எரியுதும்மா" என்று அழுவாள்.

"ஸ்கூல்ல என்னைத்தான் கேப்பாங்க. ஆடாம நில்லுடி" என்பேன்.

காய்ச்சலுக்காக மேடவாக்கத்தில் டாக்டரிடம் போனபோது அவர் கழுத்தைப் பார்த்தார்.

"தேய்க்காதீங்கம்மா, இது அழுக்கு இல்ல. வெயிட் ஜாஸ்தியானா இப்படிக் கறுக்கும். விட்டா சுகர்ல கொண்டு விட்டுடும்" என்றார். ரத்தப் பரிசோதனையிலும் சுகர் எல்லையைத் தொட்டிருந்தது.

"அப்போ நான் அழுக்கு இல்லையாம்மா?" என்று மகள் கேட்டாள்.

இப்போது பிஸ்கட், ஜூஸ் வாங்குவதில்லை. டியூஷனை நிறுத்திவிட்டு மாலையில் இருவரும் நடக்கிறோம். ஆனால் குளிக்கும்போது அவள் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். நான் வெளியே நிற்கிறேன்.