கிரீடம் இல்லாத முகம்

என் அத்தையின் பதக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. வெண்கலம். கடற்காற்றில் கறுத்துப்போய்விட்டது. ஒரு பக்கம் தாடி வைத்த ஓர் ஆணின் தலை, பக்கவாட்டில் பார்த்தபடி. தலையில் கிரீடம் கிடையாது. மறுபக்கம் உடம்பில் துணியில்லாத ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறான், குதிரையின் காலடியில் ஒரு மண்டையோடு. விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் என் மாமாவின் பெயர். பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது யாரு, அந்தத் தாத்தாவா?” என்று கேட்கிறார்கள். எனக்குச் சுரீர் என்கிறது. இதே சந்தேகம்தான் எங்கள் வீட்டில் ஒருத்தியின் வாழ்நாளைத் தின்றது.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் குடிசையும் அவள் குடிசையும் அடுத்தடுத்து. அவள் புருஷன், என் மாமா, கட்டுமரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் படகுகளில் வேலைக்குப் போனவர். முதல் ஜெர்மன் சண்டை நடந்தபோது, அரபு நாட்டுப் பஸ்ராவில் பட்டாளத்துக் கப்பல் சாமான் இறக்க ஆள் எடுத்தார்கள். கடலில் பிறந்தவனுக்குக் கடல் தாண்ட என்ன பயம் என்று ஏறிவிட்டார். அப்போது நான் இடுப்புக் குழந்தை. அவர் முகம் எனக்குத் தெரியாது. குப்பத்தில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதும் இல்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவன், மாமாவைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாகவும் அதன்பிறகு கண்ணில் படவில்லை என்றும் சொன்னான். அதற்குமேல் அவனிடம் ஒன்றும் பெயரவில்லை.

கடலுக்குப் போனவன் உடல் கிடைக்காவிட்டால் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கொஞ்ச காலம் பார்ப்பார்கள். பிறகு வைக்கோலில் ஆள் உயரம் பொம்மை கட்டி, வேட்டி சுற்றி, கரையில் கொளுத்தி, பெண்டாட்டிக்குத் தாலி இறக்குவார்கள். அத்தை ஒப்பவில்லை. அதனால் அவள் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை என்று ஆயிற்று. கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு அவள் முன்னால் வரும்போது ஒரு கணம் தயங்கி நிற்கும். கட்டுமரத்தைக் கடலில் இறக்கும் நேரத்தில் அவள் கரைப் பக்கம் வந்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, சண்டைக்குப் போனவர்களுக்கென்று சர்க்கார் அனுப்பிய அந்தப் பதக்கம் தபாலில் வந்தது. தபால்காரர் விளிம்பில் இருந்த பெயரைப் படித்துக் காட்டிவிட்டு, நைனாவைத் தனியே கூப்பிட்டு, “ராயபுரத்துல ரெண்டு வூட்ல இதே மாதிரி குடுத்தேன்பா. ரெண்டு வூட்லயும் எழவு” என்றார். நைனா முகம் இருண்டு உள்ளே வந்தார். அங்கே அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அண்ணா, பாரேன். எப்டி இளைச்சிப் பூட்டாரு! தாடி வேற வுட்டுகினு கீறாரு.”

நைனாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிப்போனார். “ஏம்மா, அது வெள்ளக்கார ராஜா தலைம்மா” என்றார்.

அத்தை மீன் விற்பவள். காசின் முகத்தைப் பார்த்தே வாங்கிப் போடுகிறவள். சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினாள். அதில் ராஜா தலையில் கிரீடமும் தோளில் சித்திர வேலை செய்த அங்கியுமாக இருந்தார். “இதான் ராஜா. கிரீடம் இல்லாத ராஜா எங்கனா உண்டா?” முந்தின ராஜா கிரீடமில்லாமல் மொட்டைத்தலையோடு இருந்த பழைய ரூபாயை நைனா ஞாபகப்படுத்தினார். “அவுரு செத்துப் பூட்டாரு. அது வழுக்க. இதுல பாரு, எம்மாம் முடி! பேரு வேற போட்டுக் கீதே, அவுரு பேரு!” என்றாள் அத்தை.

நைனா ரூபாயை வாங்கி, கிரீடத்தின் மேல் பெருவிரலை வைத்து மறைத்து, பதக்கத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே மூக்கு, அதே தாடி, அதே ஒட்டிய கன்னம். எனக்கே தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உடனே பார்வையை எடுத்துவிட்டாள்.

“கிரீடத்த மறைச்சிட்டா எல்லா ஆம்பளயும் ஒண்ணுதாண்ணா” என்றாள்.

நைனா விரலை எடுத்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து கேட்டபோதுகூட, “அவ மனசு ஆறட்டும்” என்று வாசலோடு அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ராஜாவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து நான் வாயைத் திறந்தபோது, “மூட்றி” என்று ஒரே அதட்டல். எனக்கு அவர்மேல் வெகு நாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. கட்டியிருந்த கயிறு அறுந்தால் தங்கை என்ன ஆவாள் என்று அவருக்குத்தான் தெரியும்.

அத்தை பதக்கத்தைத் தாலிச் சரட்டிலேயே கோத்துக்கொண்டாள். முகம் வெளிப்பக்கம், குதிரைக்காரன் உள்பக்கம். காலையில் எழுந்ததும் அந்த முகத்தில்தான் விழிப்பாள். நல்ல விலைக்கு மீன் போனால் அதனிடம் சொல்லுவாள். சண்டை போட்ட நாட்களும் உண்டு, “வாய் தொறந்தா கொறஞ்சா பூடுவ?” என்று அதைத் திட்டிவிட்டு, உடனே எண்ணெய் தொட்டுத் துடைப்பாள். ஊர் அவளைப் பைத்தியம் என்றது. ஆனால் கணக்கிலோ பேரத்திலோ யாரும் அவளை ஏமாற்ற முடியவில்லை. மண்டையோடு இருந்த பக்கம் அத்தனை வருஷமும் அவள் மார்பில் பட்டுக்கொண்டே இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ராஜா செத்துப்போனபோது எனக்குக் கல்யாணமாகிக் கையில் பிள்ளை இருந்தது. அன்று அத்தையோடு ராயபுரம் மார்க்கெட்டுக்கு நானும் போனேன். துறைமுகத்தில் கொடியைப் பாதிக்கம்பத்துக்கு இறக்கியிருந்தார்கள். ஒரு சாயபு தன் கடை வாசலில் நாற்காலி போட்டு, பெரிய படம் வைத்து, மாலை போட்டிருந்தார். அந்தப் படத்தில் கிரீடம் இல்லை. பக்கவாட்டில் பார்த்த முகம்.

அத்தை கூடையை இறக்கி வைத்தாள். “யாரு பாய் இது?”

“இன்னாம்மா, தெரியாதா? நம்ம ராஜாம்மா. மவுத்தாயிட்டாரு.”

அவள் சரட்டைத் தூக்கிப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். மறுபடி சரட்டைப் பார்த்தாள். சாயபு எங்களை வேடிக்கை பார்த்தார். நான் அவள் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டுக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய், அத்தனை மீனையும் விற்றாள். ஒரு மீன்கூட விலை குறையாமல் விற்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம், “அண்ணா, வைக்கோலு கட்டச் சொல்லு” என்றாள். நைனா குழந்தைபோல அழுதார்.

மறுநாள் கரையில் பொம்மை தயாராயிற்று. குப்பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அத்தையைக் கட்டிக்கொண்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள்தான், இப்போது தோளோடு அணைத்தார்கள். ஒப்பாரியைப் பெண்டாட்டிதான் முதலில் எடுக்க வேண்டும். செத்தவனின் கண் எப்படி, மூக்கு எப்படி, நடை எப்படி என்று சொல்லிச் சொல்லி அழ வேண்டும். அத்தை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். பிறகு நைனா பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் இருந்தது துக்கம் இல்லை, பயம்.

“அண்ணா, அவுரு மூஞ்சி வர்ல. கண்ண மூடுனா அந்த ராஜாதான் வர்றான். அவுரு எப்டி இருப்பாரு, சொல்லேன்?”

நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, இடது புருவத்தில் கொக்கி கிழித்த தழும்பு இருக்கும் என்றார். ஒரு கிழவி, முன்பல் இரண்டும் ஒன்றோடொன்று மோதி நிற்கும் என்றாள். தாடியே வளராது, மோவாயில் நாலு முடிதான் என்று மாமாவின் தம்பி சொன்னார். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், வேறு ஊர்க்காரன் ஒருவனைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதுபோல. சொல்ல இருந்தவர்கள் எல்லாரும் சொல்லி முடித்தார்கள். பொம்மைக்குத் தீ வைத்தார்கள். அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.