காதைப் பொத்திக்கொண்டு பார்த்த படம்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் பெண் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு பெண் பார்ப்பது உண்டு. முறைப்படி வந்து பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பெண் வீட்டார் ஊர் வாயில் விழ வேண்டும். அதனால் மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் சத்தமில்லாமல் வந்து ஒரு நோட்டம் விட்டுப் போவார்கள். பெரும்பாலும் கோவிலில்தான் நடக்கும். என்னை நோட்டம் விட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு தியேட்டரின் பெண்கள் பக்கத்தில், மேட்னி ஷோவில். ஏற்பாடு என் சித்தி. அவர் என் அம்மாவிடம் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

வரன் ராஜபாளையம். பஸ் டெப்போவில் மெக்கானிக். போட்டோ வந்திருந்தது. மற்ற மாப்பிள்ளைகள் எல்லாம் ஊசி போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார்கள், இவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "பொண்ணுக்குச் சினிமா பிடிக்குமா?" என்று சித்தியிடம் கேட்டிருந்தார். சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டிருந்தார்கள். எனக்கு அந்த வரன் மிகவும் பிடித்துப்போனது. எங்கள் ஊரைவிட ராஜபாளையத்தில் தியேட்டர் அதிகம் என்பதும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்று ஓடியது ஒரு பங்களா பேய்ப் படம். பயப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அப்போது என்னிடம் சொந்தமாக ஒரு வழி இருந்தது. எல்லோரும் பயம் வந்தால் கண்ணை மூடுவார்கள். நானும் அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேன். மூடினால் பயம் இரட்டிப்பாகும். ஒருமுறை காது வலி என்று பஞ்சு அடைத்துக்கொண்டு ஒரு கொலைப் படத்துக்குப் போனேன். பெஞ்சு முழுவதும் அலற, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு பெண் மெதுவாக நடக்கிறாள், ஒரு கதவு திறக்கிறது, அவ்வளவுதான். அத்தனை பயத்தையும் வயலின்காரர்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் பயம் வரும் இடத்தில் காதில் விரலை வைத்துக்கொண்டு, அவர்கள் என்னென்ன தந்திரம் செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

இந்தப் படத்தில் கதாநாயகி விளக்கை ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். முதலில் அவளைத் தூரத்தில் சின்னதாகக் காட்டுவார்கள், வீடு முழுக்க அவள் தனி என்பதற்காக. பிறகு கொலுசுக் கால் மட்டும். பிறகு முகம் மட்டும், திரை நிறைய. அவள் எதைப் பார்த்து மிரளுகிறாள் என்பதை மட்டும் உடனே காட்ட மாட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டு பார்த்தால் அந்த அம்மாள் வீட்டில் தொலைத்த சாவியைத் தேடுகிற மாதிரி இருக்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின் பெஞ்சில் இரண்டு பேர் திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சித்தி தகவலோடு வந்தார். பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாளாம். ஆனால் காது மந்தமாம்.

"ஊசி விழுந்தா கேக்குமே இவளுக்கு!" என்று அப்பா குதித்தார்.

"காதுக்குள்ள வெரல விட்டுக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். எல்லாரும் அலறும்போது இது மட்டும் சிரிச்சுச்சாம்" என்றார் சித்தி. "மாப்பிள்ளையோட அப்பா மில்லுல வேல பாத்துக் காது போனவரு. படத்துக்குப் போனா அவரும் இப்படித்தான் எடம் தெரியாமச் சிரிப்பாராம். 'ஒரு ஆளுட்ட கத்தியே என் தொண்ட வத்திப் போச்சு, இன்னொண்ணு தாங்காது'ங்கிறாவ அந்தம்மா."

அம்மா அழ ஆரம்பித்தார். இந்த வரன் போனது மட்டும் இல்லை, காது மந்தம் என்ற பேச்சு பரவினால் இனி வாசல்படி ஏற ஒருவரும் வரமாட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. அதை வைத்தே என்னைச் செவிடு என்று சொல்லிவிட்டார்களே!

"அந்த அத்தய நான் பாக்கணும். அதே படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அம்மா கையை ஓங்கினார். அப்பா தடுத்தார். சித்தி மறுபடி பஸ் ஏறினார். அங்கே மாப்பிள்ளையும் தன் அம்மாவிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார் என்று பின்னால்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அதே படம் ராஜபாளையத்துக்கு வந்தது. சித்தியும் நானும் போனோம். ஆண்கள் பக்கம் மாப்பிள்ளை இருந்தார். பெண்கள் பக்கத்தில், வரப்போகும் மாமியாரும் நானும் பக்கத்தில் பக்கத்தில். அவர் சும்மா இருக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே வாய்க்குள் முணுமுணுப்பார், எனக்குக் கேட்கிறதா என்று சோதிக்க.

"பூவு எங்க வாங்குனது?"

"தேரடில, அத்தை."

கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக: "முறுக்கு வேணுமா?"

"வேணும், அத்தை."

காது கேட்கிறது என்பது முறுக்கோடு முடிவாகிவிட்டது. ஆனால் அன்றைக்குக் காதில் விரலை விட்டுக்கொண்டு சிரித்தது ஏன் என்ற சந்தேகம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. கோளாறு காதில் இல்லை என்றால் மூளையில்தான் என்று நினைத்திருப்பார். மாடிப்படி வந்தது. வயலின் மெல்ல இழுக்க ஆரம்பித்தது. அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, ரெண்டு காதையும் பொத்திக்கோங்க. கண்ண மட்டும் மூடாதிய."

என்ன நினைத்தாரோ, பொத்திக்கொண்டார். திரையில் கால். திரையில் முகம். கொலுசுச் சத்தம் நின்றது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் என் வருங்கால மாமியார் கெக்கெக்கே என்று சிரித்தார். முன் பெஞ்சுப் பெண்கள் திரும்பி முறைத்தார்கள். திரையில் இருட்டிலிருந்து ஒரு பூனை பாய்ந்தது. நாங்கள் இருவர் தவிர எல்லோரும் அலறினார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவர் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. கையைக் காதிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். இடைவேளையில் சித்தி கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், அத்தை குடிக்கவில்லை.

"எங்க வீட்ல அவியளுக்கு எல்லாப் படமும் இப்படித்தான் தெரியுதோ?" என்றார்.

நான் முறுக்குப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எம்புட்டு வருசமா ஏசியிருக்கேன்! பதறுற எடத்துல பல்லக் காட்டாதிய, பக்கத்துல இருக்கவன் என்ன நெனப்பான்னு. மனுசன் ஒரு வார்த்த பேசுனதில்ல. பொறவு படத்துக்கு வாரதையே விட்டுட்டாவ."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கெழம வாரோம். ஒங்கம்மாவ பஜ்ஜி போட்டு வைக்கச் சொல்லு" என்றார்.

கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து வந்தார். கூடவே அதே பேய்ப் படத்தின் கேசட். காது மந்தமான மாமாவுக்கு வராந்தாவில் பேப்பர் படிப்பதுதான் பொழுதுபோக்கு. அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார். "எனக்கு எதுக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார் மாமா.

மாடிப்படி வந்ததும் அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தார். வயலின் மெல்ல இழுக்க, அத்தையின் பிடி மெல்ல இறுகியது. மேளம் சேர்ந்ததும் விரலால் அதே தாளத்தைத் தட்டினார். மாமா முதலில் கையைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொலுசுச் சத்தம் நின்றது. அத்தை கையை முழுக்க எடுத்துவிட்டார். மாமா வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தார். பூனை பாய்ந்த அதே நொடியில் அத்தை அவர் கையை லபக்கென்று பிடித்தார்.

"ஏ ஆத்தாடி!" என்று மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

வீடே சிரித்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் ஒவ்வொருவரையும் கோபமாகப் பார்த்தார்.

"இம்புட்டுப் பயங்கரமான படமா இது? என்ட்ட ஒருத்தரும் சொல்லலியே!"

அத்தை அவர் காதருகே குனிந்து, "போதுமா, நிப்பாட்டிரவா?" என்று கத்தினார்.

"நிப்பாட்டுறதாவது! அந்த மாடிப்படிய மறுபடி போடச் சொல்லு."

என் வீட்டுக்காரர் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். ஓட்டி முடிப்பதற்குள் மாமா அத்தையின் மடியில் தன் கையை நீட்டி வைத்திருந்தார்.