காயவைத்த நிக்கல்

மலேசியாவின் செண்டாயானில், செம்பனை எண்ணெயைக் கெட்டியாக்கும் தொழிற்சாலையில் நான் கெமிஸ்ட். வாய்த்துடுக்கு எனக்குக் கொஞ்சம் அதிகம். அரைகுறையாக வேலை செய்கிறவர்களைக் கண்டால் சுள்ளென்று ஏதாவது சொல்லிவிடுவேன். அந்த ஆயுத பூசைக்கு அரைகுறையாக இருந்தவள் நான்தான்.

ஹைட்ரஜனின் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். வெறும் சூட்டுக்கு லேசில் விடாது. நிக்கல் தூள் அவற்றைத் தன்மேல் ஒட்டவைத்து, தன் எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை அந்தப் பிணைப்புக்குள் தள்ளும். பிணைப்பு தளர்ந்து அறுந்துபோகும். பிரிந்த அணுக்கள் எண்ணெயில் சேரும். ஆனால் நிக்கல் தீராது. வடிகட்டியில் கறுப்புச் சேறாகத் தங்கிய பிறகும் அந்தக் குணம் போகாது. காற்று பட்டால் ஆக்சிஜனையும் அதேபோல் பிடித்துப் பிளந்து, தானே சூடேறி எரியும். அதனால் அந்தச் சேற்றை எண்ணெய்ப் பிசுக்கோடே டிரம்மில் அடைக்க வேண்டும். இதை மற்றவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவளே நான்தான்.

வடிகட்டியைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பூசை என்றால் இயந்திரத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது அவருக்கு.

“தங்கச்சி, ஸ்டீம் விட்டு எண்ணெயெல்லாம் எறக்கிட்டு, அந்தக் கறுப்பு மண்ணச் சாக்குல கட்டிரட்டுமா? சாமி கும்புடுற எடம், பிசுபிசுன்னு இருந்தா நல்லால்ல லா.”

“கட்டுங்கண்ணே,” என்றேன். பூசைக்குப் போட்டுக்கொண்டிருந்த கோலத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சூடம் காட்டி, பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது சாக்கு புகைந்தது. வெளியே இழுத்துப் போடுவதற்குள் அண்ணனின் முன்னங்கை வெந்துவிட்டது.

விசாரணையில் மேலாளர் சூடத்தின்மேல் பழியைப் போட்டார். இனி இங்கே பூசையே கிடையாது என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சூடம் எரிந்த இடத்துக்கும் சாக்கு இருந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பலகையில் நிக்கலை வரைந்து, பிணைப்பு எப்படி அறுகிறது, காய்ந்த தூள் எப்படித் தானாகப் பற்றுகிறது என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டார்.

“அப்படியானால் காயவைக்கச் சொன்னது யார்?”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் கையிலிருந்த பேனாவுக்கு மூடி போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். கடைசியில் அவரே மலாயில் சொன்னார், தன் இஷ்டத்துக்குச் செய்ததாக, யாரையும் கேட்கவில்லை என்று. அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று. ஐம்பதைத் தாண்டியவரை, அதுவும் கை வெந்தவரை, இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்?

மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அவர் பின்னாலேயே ஓடினேன்.

“கட்டச் சொன்னது நான்தானேண்ணே,” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. ஒற்றைக் கையால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

“இத உள்ளார சொல்லலியே, தங்கச்சி,” என்றார்.