மாமா வாங்காமல் விட்ட லேத்

"கட்டிலைத்தான் எடுத்தாச்சே, சுவர் காலியாத்தானே கிடக்கு. இப்பவாவது உங்க மாமா அந்த நீள லேத்தை வாங்கக் கூடாதா?"

பில்லியர்ட்ஸ் கிளப் முதலாளி என்னிடம் இப்படிக் கேட்டார். மாமாவிடமே போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. பில்லியர்ட்ஸ் ஸ்டிக்குகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஆளும் ஒல்லி என்பதால் கிளப்பில் அவரையே ஸ்டிக் என்றுதான் கூப்பிடுவார்கள். முனையில் தோல் ஒட்டுவது, பழைய பூச்சைச் சுரண்டிப் புதுப் பூச்சு ஏற்றுவது எல்லாம் இருபது வருஷமாகக் கையால்தான். அவர் மனைவி, என் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும், கிளப்பின் பின்னறையில் செய்துகொண்டிருந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அத்தையையும் பார்த்துக்கொண்டு கையால் தேய்க்க நேரம் போதவில்லை. ஸ்டிக்கைச் சுழலவிட்டுத் தேய்க்கச் சின்னதாக ஒரு லேத், அதாவது கடைசல் இயந்திரம், வாங்குவது என்று முடிவானது.

வீடு ஒரே அறை. நீளமான சுவர் ஒன்றுதான், ஜன்னலும் அதில்தான். ஜன்னலையொட்டி அத்தையின் கட்டில், வெளியே பஸ் நிறுத்தம். அத்தை காலையிலிருந்து மாமாவுக்குச் செய்தி வாசிப்பாள். நீலச் சட்டைக்காரன் இன்றைக்கும் பஸ்ஸைக் கோட்டைவிட்டான். குடைக்காரம்மா யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள், முகமே சரியில்லை. மாமா தேய்த்துக்கொண்டே 'உம்' கொட்டுவார்.

கடைக்கு அத்தை என்னையும் துணைக்கு அனுப்பினாள். "நாலு வார்த்தை இனிக்கப் பேசினா உங்க மாமா கவுந்துடுவார்டி. நீ கூடப் போ."

கடையில் இரண்டு லேத் இருந்தன. ஸ்டிக் இரண்டு பாதியாகக் கழன்று வரும்; ஒரு பாதியே முக்கால் மீட்டர். நீள லேத்தில் அது முழுசாகப் படுத்துக்கொள்ளும், ஒரே ஓட்டத்தில் தேய்த்துப் பூசிவிடலாம். குட்டி லேத் கை நீளம்தான். அதன் தலையில் இருக்கும் ஓட்டைக்குள் ஸ்டிக்கைச் செருகினால் மிச்சம் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் பூசி, கழற்றி, திருப்பிப் போட்டு மறுபக்கம் பூச வேண்டும். இரண்டு பூச்சும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். கடைக்காரர் இனிக்கவெல்லாம் பேசவில்லை. பூச்சு வேலைக்கு நீளமானதுதான் சரி, குட்டியை வாங்கிவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள் என்றார்.

மாமா நீள லேத்தை இரண்டு தடவை டேப் வைத்து அளந்தார். குட்டி லேத்தின் ஓட்டையில், கையோடு கொண்டுபோயிருந்த ஸ்டிக்கின் தடித்த முனை நுழைகிறதா என்று பார்த்தார். பிறகு ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நீள லேத்துக்கு அந்த ஒரு சுவரில்தான் இடம் என்று அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது.

"என்னை உள்பக்கமாத் தள்ளிப் போடுங்க. நான் என்ன ஜன்னல் வழியா ஊரையா ஆளுறேன்?"

"நீ சொல்லலைன்னா நீலச் சட்டைக்காரன் கதை எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமா.

மறுநாள் குட்டி லேத் வந்து, கதவோரம் மேஜைமேல் உட்கார்ந்தது.

கோடு விழத்தான் செய்தது. ஒவ்வொரு ஸ்டிக்கையும் மாமா அத்தையிடம் காட்டுவார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி, நல்ல கையால் தடவி, "இங்க இருக்கு" என்பாள். மறுபடி தேய்ப்பார். சில நாள் மூன்று தடவை. அப்படியும் சிலதில் கோடு போகாது. கிளப்பில் சிரித்தார்கள். பூச்சு வேலை கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவர் கைக்குப் போய், மாமாவுக்குத் தோல் ஒட்டுவது மட்டும் மிஞ்சியது. லேத் வாங்கத் தெரியாத ஆள் என்று பெயரும் ஆனது. மாமா யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால், அவளால்தான் வேலை போனது என்ற பேச்சு சுற்றிச் சுற்றி அத்தை காதுக்கு வந்துவிடும்.

நாலு வருஷம் அந்த ஜன்னலைப் பார்த்திருந்துவிட்டு, போன வருஷம் அத்தை போய்விட்டாள்.

முதலாளி என்னிடம் கேட்ட அந்த வாரம், சாப்பாடு கொடுக்கப் போனேன். கட்டில் இருந்த இடத்தில் முக்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். பூச்சு வேலைக்கு யாரும் ஸ்டிக் கொடுக்கவில்லை. அவருடைய சொந்த ஸ்டிக்கையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தார். அதை என்னிடம் நீட்டினார்.

"கோடு தெரியுதா பாரு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தடவினேன். இல்லை மாமா என்றேன்.

"உனக்குத் தெரியாதும்மா. அவளுக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "நீலச் சட்டைக்காரன் ரெண்டு நாளா வரலை" என்று, முன்பு கட்டிலின் தலைமாடு இருந்த பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு எழுந்து போய் லேத்தை ஓடவிட்டார்.

அந்தச் சுவர் காலியாக இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் கிளப்பில் சிரிப்பு நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். லேத் வாங்கத் தெரியாத ஒருவரைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லிச் சிரித்தால், அவர் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார் என்று சொல்லுங்கள். கேட்டவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.