சவரக்காரன் படமும் பழுப்பு டிரக்கும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து. அக்காள் கண்ணை மூடியபோது அவள் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் நன்றாக இருக்கின்றன. மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பைபிளை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், என் பெயரைக் கோணாமல் எழுதுவேன், அவ்வளவுதான். ஆகையால் இதை நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது.

கடைக்குட்டி டாக்டர். அவளும் மருமகனும் அமெரிக்கா வந்தபோது பேத்தியை என்னிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அவளுக்கு ஒன்பது வயதானபோது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நான் டெக்சாஸில் வந்து இறங்கினேன். மருமகனுக்கு ரவுண்ட் ராக் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. மகளுக்கு அங்கிருந்து மேற்கே வெகு தூரத்தில், பருத்திக் காட்டுக்கு நடுவில், ஒரு சின்ன ஊர் கிளினிக். வெளிநாட்டு டாக்டர்களுக்கு அப்படி ஒரு சட்டம். உள்ளூர் டாக்டர்கள் போக மாட்டேன் என்கிற ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் கிரீன் கார்டுக்கு வழி. நடுவில் கிளினிக்கை மூடிவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மருமகனுடைய விசாவையும் அவள் விசாவோடுதான் முடிந்து வைத்திருந்தார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று நாங்களும் கூடப் போனோம், நானும் பேத்தியும் மகளோடு அங்கேயே தங்கிவிட்டோம். கிளினிக் வாசலில் பலூன் கட்டி, மேசை போட்டு, லெமனேட் வைத்திருந்தார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். மகளுடைய பெயரும் அவள் அப்பா பெயரும் பைபிள் பெயர்கள். காகிதத்தில் பெயரைப் பார்த்த ஊர், தங்களைப் போல ஒரு வெள்ளைக்கார அம்மா வருவாள் என்று நினைத்திருக்கிறது. காரிலிருந்து இறங்கியது நாங்கள். பேச்சு நின்றுவிட்டது. லெமனேட் ஊற்றிக்கொண்டிருந்த சபை அம்மாள், பருத்த உடம்புக்காரி, எங்களையே பார்த்தபடி ஊற்றிக்கொண்டே இருந்தாள். டம்ளர் நிறைந்து, மேசைவிரிப்பு நனைந்து, அவள் செருப்பு மேல் வழிந்த பிறகுதான் ஜாடியை நிமிர்த்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கிளினிக்குக்கு ஆள் வருவது அரிதாகிவிட்டது. காய்ச்சல் என்றாலும் வேறு ஊருக்குக் காரில் போனார்கள். இரண்டாம் வாரம் தொப்பி போட்ட ஒருவன் வந்து, மகளிடமே டாக்டர் எங்கே என்று கேட்டான். நான்தான் என்றாள். கழற்றிய தொப்பியை மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு டிரக். அதன் பின்கண்ணாடியில், நாம் வீட்டில் குடை மாட்டுவது போல, இரண்டு துப்பாக்கிகள் மாட்டியிருந்தன.

அன்றிலிருந்து அந்த டிரக் சாயங்கால வேளைகளில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். மற்ற வண்டிகள் பறக்கிற தெருவில் அது மட்டும் ஊர்ந்து போகும். எங்கள் வாசல் வந்ததும் நிற்கப் போவது போல இழுக்கும், பிறகு போகும். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, பேத்தியைச் சமையல்கட்டுக்குள் தள்ளிவிட்டு, அது போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். மகளிடம் சொன்னால், "இந்த ஊர்ல எல்லா டிரக்லயும் துப்பாக்கி இருக்கும்மா. முயல் சுட வச்சிருக்காங்க" என்பாள். முயல் எங்கள் வாசலிலா இருக்கிறது?

என் பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கீழத்தெருவிலிருந்து படித்து வந்த ஒரு நர்ஸம்மாவை வேலைக்குப் போட்டார்கள். அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ள மாட்டோம் என்று மேலத்தெருக்காரர்கள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை வையவில்லை, அடிக்கவில்லை. பெஞ்சு காலியாகவே கிடந்தது. அவளாகவே மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் காலிப் பெஞ்சை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் நான் போய் கிளினிக் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். காலையில் போணியாகாமல் கடை வெறிச்சோடிக் கிடந்தால் என்னை வரச்சொல்லி, முன்னால் உட்கார வைத்து, சேலையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவார். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு உள்ளே ஏறுவார்கள். அதே வேலையைத்தான் டெக்சாஸிலும் செய்தேன்.

மகளுக்குச் சிரிப்பு. "அம்மா, உன்னைப் பாத்தா பேஷண்ட்னு யாரு நினைப்பா? டாக்டரோட அம்மான்னுதான் நினைப்பாங்க."

"நினைக்கட்டும். பெத்தவளாவது நம்பி வந்திருக்கான்னு தெரியட்டும்."

இப்படியே நாலு மாதம் போயிற்று. கிளினிக்கை நடத்துகிற குழுவின் தலைவர் வந்து, இதே நிலை என்றால் வருடக் கடைசியில் மூடிவிடுவோம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம்தான் சபை ஹாலில் படம் போடுகிறோம், வாருங்கள் என்று லெமனேட் அம்மாள் கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்றேன். மகள் போகத்தான் வேண்டும் என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். வாசல் ஒன்றே ஒன்று, பின்பக்கம். எங்களை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். வாசலை அடைத்தாற்போல் தொப்பிக்காரர்கள் நின்றார்கள். டிரக்காரனும் நின்றான், சுவரில் சாய்ந்து, ஒற்றைக் காலில்.

படம் குதிரையும் புழுதியுமான பழைய காலத்துப் படம், சிரிப்புப் படம். பேத்தி என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஒரு ஊர்ல சவரக்காரர் இல்ல ஆச்சி. லெட்டர் போட்டு ஒருத்தர வரச் சொல்லுறாங்க." ஊரே பாண்டு வாத்தியத்தோடு காத்திருக்கிறது. குதிரை வண்டி வந்து நிற்கிறது. பெட்டியும் கையுமாக இறங்குகிறவர் கறுப்பர்.

பாண்டு நின்றுவிட்டது. மேளக்காரன் ஒருவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கிறான்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஹாலும் நின்றுவிட்டது. மூன்றாவது வரிசையில் நாங்கள் இருப்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்துவிட்டது போல. ஒரு தலையும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருப்பதை முதுகில் உணர்ந்தேன். திரையில் எல்லாரும் துப்பாக்கியை உருவினார்கள்.

அப்போது என் மகள் சிரித்தாள். மெல்லவும் இல்லை. ஹால் முழுக்கக் கேட்கும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் ஒருத்தி மட்டும். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். நிற்கவில்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து லெமனேட் அம்மாள் எழுந்து எங்களை நோக்கி விரலை நீட்டி ஏதோ சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னட்டி சொல்லுதா?"

"அந்த மேளக்காரன் நான்தான்னு சொல்றாங்க ஆச்சி. டேபிள் கிளாத்துல இன்னும் கறை போகலையாம்."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் உடம்பு குலுங்கச் சிரித்தாள். பிறகு ஹாலே சிரித்தது. படத்தில் ஒருவனும் சவரத்துக்கு உட்காராமல், ஆண்களுக்கெல்லாம் தாடி வளர்ந்து, தாடியை மிதித்து விழுந்து, சொந்தக் குதிரையே எசமானைத் தெரியாமல் உதைத்தது. சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அந்தக் கறுப்பரையா, தாடிக்காரர்களையா, எங்களையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தேன். டிரக்காரன் சிரிக்கவே இல்லை. படம் முடியும் முன்பே வெளியே போய்விட்டான். வண்டி புறப்படும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் மகளைப் பிடித்தேன். "அந்த எடத்துல ஏன்ட்டி சிரிச்ச? நம்ம பொழப்பு அவங்க கையில கெடக்கு."

"அந்த மேளத்தப் பாத்ததும் லெமனேட் ஞாபகம் வந்துட்டும்மா. அடக்க முடியல."

"அடக்கணும்."

"நாலு மாசமா அடக்கிட்டுதான் இருக்கேன். பெஞ்சுல நீ ஒருத்திதான் இருக்க."

மறுநாள் ஆராதனையில் என்ன பாடினோம் என்றுகூட நினைவில்லை. அந்தச் சிரிப்பை டிரக்காரன் சகித்துக்கொள்ள மாட்டான் என்பதே மனசில் ஓடிற்று.

திங்கட்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பழுப்பு டிரக் ஊர்ந்து வந்து நின்றது. அவன் இறங்கினான். பின்கண்ணாடியை அவன் முதுகு மறைத்தது. துப்பாக்கி அங்கேயே இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. ரிசப்ஷன் பெண் உள்ளே ஏதோ எடுக்கப் போயிருந்தாள். நான் எழுந்துபோய் மகளுடைய அறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஏழு பிள்ளைகளை வளர்த்தவள் நான், ஒன்றைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

உள்ளே வந்தான். கையில் தொப்பி மட்டும். என் முன்னால் நின்று என்னவோ கேட்டான். நான் நகரவில்லை. மறுபடியும் கேட்டான், குரலைத் தாழ்த்தி. அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். வேர்வைதான் இருந்தது.

"உக்காரும்" என்றேன். எனக்குத் தெரிந்தது தமிழ்தான்.

உட்கார்ந்தான், என் பெஞ்சில், என் பைக்குப் பக்கத்தில். குனிந்து வலது காலிலிருந்த பூட்ஸை இழுத்தான். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான். கழன்றபோது அடித்த நாற்றத்தில் நான் சுவரோரம் ஒதுங்கினேன். காலுறை முழுக்கச் சீழ். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி வண்டியை மிதித்து ஓட்டுவான்? ஊர்ந்துதான் வருவான். எங்கள் வாசலில் தயங்கியதற்கும் அதுதான் காரணமா என்று நான் கேட்டதில்லை, கேட்க எனக்குப் பாஷையும் இல்லை.

மகள் கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அவன் காலுக்குக் கட்டுப் போட வந்துகொண்டே இருந்தான். வெளியே டிரக் நிற்பதை ஊர் பார்த்தது. பிறகு லெமனேட் அம்மாள் பிரஷர் பார்க்க வந்தாள், அப்புறம் அவள் தங்கை. பெஞ்சில் இடமில்லாமல் ஒருநாள் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள் மகள். மூன்று வருடம் முடித்து, கிரீன் கார்டு வாங்கி, இப்போது டெக்சாஸிலேயே ஆலன் என்ற ஊரில் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த ஊரில் இருந்த கடைசி நாள்வரை, பழுப்பு டிரக்கைப் பார்த்தால் முதலில் பின்கண்ணாடியைத்தான் பார்ப்பேன். இரண்டும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையசைப்பேன்.

"ஆச்சி, படத்துல கடைசில அந்த சவரக்காரர் சேர்ல யாரு உக்காந்தாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்கிறாள் பேத்தி. நான் பார்க்கவில்லையே, வாசலை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காததை எழுத வேண்டாம். எழுதினவரை போதும், முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி. உன் அம்மா சிரிக்கிற இடம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்.